திவானின் நடுவில் வராத தாளம்

என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அப்படியிருக்க, ஹாலில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள் எதற்கு என்று வீட்டுக்கு வருகிறவர்கள் மனதுக்குள் நினைப்பார்கள். சிலர் வாய்விட்டே கேட்பார்கள். கேட்டவர்களுக்கு என் மனைவி காபி கொடுப்பாள், பதில் கொடுக்கமாட்டாள்.

நான் பொம்மசந்திராவில் ஒரு மோட்டார் கம்பெனியில் ஃபிட்டராக இருந்தேன். பத்தாவதோடு படிப்பு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடுகளுக்குப் போய்த் தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பேன். அப்படி கண்டோன்மென்ட் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனபோது, அவர்கள் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா கிளம்பிக்கொண்டிருந்தார்கள். எடுத்துப்போக முடியாத சாமான்களில் இந்தப் பெட்டிகளும் இருந்தன. தேக்கு மரம், முன்னால் பழுப்புத் துணி, உள்ளே சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஊஃபர், அடித்தாளத்தை அதிரவைக்கிற காகிதக் கூம்பு. வீட்டுப் பெரியவர் தொட்டுக் கும்பிடாத குறையாகத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். வெள்ளிக்கிழமை காலையில் முருகன் பாட்டு போடலாம் என்று நினைத்துத்தான் ஆட்டோவில் ஏற்றினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது, தரை ஈரமாக இருந்ததால் பெட்டிகளை ஹாலில் இருந்த திவான் கட்டில் மேல், தலைமாட்டில் ஒன்றும் கால்மாட்டில் ஒன்றுமாக வைத்தோம். மெத்தை மாடியில் வெயிலில் கிடந்தது, வெறும் பலகை. கேசட் ஓடிக்கொண்டிருந்தது. மகள் பெட்டிகளுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்தாள். தவில் வந்த இடத்தில் அவள் முகம் மாறியது. சட்டென்று குனிந்து கன்னத்தைப் பலகையில் வைத்துக்கொண்டாள். பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்தாள். நானும் என் மனைவியும் துடைப்பத்தையும் வாளியையும் பிடித்தபடியே நின்றோம். அன்றிலிருந்து மெத்தை பீரோவுக்கு மேல் போய்விட்டது. அந்தப் பலகைதான் அவளுக்குக் காது.

இது தொண்ணூறுகளின் நடுவில். எங்கள் தெருவில் ஒரு கன்னடக்கார அம்மா மொட்டை மாடியில் பெண் பிள்ளைகளுக்கு டான்ஸ் சொல்லிக்கொடுப்பார். தெருவுக்கே அவர் டீச்சர். தசரா வரும்போது கோலாட்டம். என் மகள் எதிர் மாடியிலிருந்து பார்த்துப் பார்த்து, அடுப்படியிலிருந்து இரண்டு கரண்டிகளை எடுத்து அடிக்க ஆரம்பித்தாள். டீச்சர் கண்ணில் பட்டு, கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார். விஜயதசமி சாயங்காலம் பிள்ளையார் கோயில் மைதானத்தில் மேடை போட்டு ஆடுவதாக ஏற்பாடு.

நாள் நெருங்கியபோது டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை.

"நோடி சார், மூஞ்சி பாத்து அடிக்கறப்போ இவ சூப்பரா அடிக்கறா. எல்லாரும் திரும்பி வெளிய பாக்கற ஸ்டெப்பு இருக்கே, அங்கதான் ப்ராப்ளம். யாரையும் பாக்க முடியாது, தாளம் உள்ள இருக்கணும். தப்பினா பக்கத்துப் பொண்ணு வெரல் போய்டும். அவங்க அம்மாவுக்கு நான் ஜவாப் சொல்லணும்."

"வீட்ல பழக்கறோம் டீச்சர். இந்தப் பலகை மேல நின்னா அவளுக்குத் தெரியுது."

அவர் திவானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி. விஜயதசமி மத்தியானம் நானே வரேன். செவத்தப் பாத்து நிக்கவெச்சு அடிக்கச் சொல்வேன். அடிச்சா பச்சை லங்கா பாவாடை போட்டுட்டு மேடை ஏறட்டும். இல்லாட்டி முன்வரிசைல உக்காந்து பாக்கட்டும். மனசுல பேஜாரு பண்ணிக்கக் கூடாது."

பழகினாள். டீச்சர் கொடுத்த கேசட்டில் டோலக் ஓங்கி ஒலிக்கும். இரண்டு பெட்டியிலிருந்தும் வருகிற அதிர்வு நடுவில் சேரும். கண்ணை மூடிக்கொண்டு, பாதத்தால் அதை வாங்கிக் கையால் கோலில் தட்டுவாள். நன்றாகவே வந்துகொண்டிருந்தது.

அப்போதெல்லாம் எங்கள் ஏரியாவில் கரண்ட் போவதும் வருவதும் அதன் இஷ்டம். ஒரு சாயங்காலம் போயிருந்த கரண்ட் திரும்பியபோது 'டப்' என்று ஒரு சத்தம். ஆம்ப்ளிபையர் ஆனிலேயே இருந்திருக்கிறது. இடது பெட்டியிலிருந்து கருகல் வாடை வந்தது. பிறகு அதில் வந்ததெல்லாம் மணலைத் தேய்ப்பது போல ஒரு கரகரப்புதான். கழற்றிப் பார்த்தேன். ஊஃபரின் கம்பிச் சுருள் எரிந்து கறுப்பாகிவிட்டது, காகிதம் ஓரத்தில் கிழிந்துவிட்டது. மகள் அதைத் தொட்டுப் பார்த்து, இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிக் காட்டினாள். போச்சா என்று அர்த்தம்.

ஒரு பெட்டியை மட்டும் வைத்துப் பழகட்டும் என்று பார்த்தோம். சரிப்படவில்லை. அடி ஒரு பக்கமிருந்தே வந்ததால், அவள் அறியாமலே அந்தப் பக்கம் சாய்ந்து சாய்ந்து போனாள். ஆட்டத்தில் அப்படிப் போனால் அடுத்த பிள்ளை மேல்தான் மோதுவாள்.

கம்பெனியில் ஆயுத பூஜையை முதல் நாளே முடித்துப் பொரியும் பொட்டலமும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பூஜையன்று காலை முதல் பஸ் பிடித்து, ரேடியோ, ஸ்பீக்கர் சாமான்கள் விற்கிற எஸ்.பி. ரோடு போனேன். பாதிக் கடைகள் மூடிக் கிடந்தன. திறந்திருந்த கடைக்காரர்களில் ஒருவர், ஒரு பாய், எரிந்த ஊஃபரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பாரின் மால் அண்ணா. இதுக்கு ஜோடி இனிமே எங்கயும் சிக்காது. அதே சைஸ், அதே எட்டு ஓம்ஸ், நம்ம லோக்கல் தரேன்."

நான் அதை வெளிச்சத்தில் பிடித்து, காகிதத்தை அழுத்தி, மறுபடி திருப்பினேன்.

"கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கற மாதிரி பாக்காதீங்க அண்ணா. குடும்பம் நடத்தும், நம்புங்க. பின்னாடி ரெண்டு தகடு இருக்கு பாருங்க, செவப்பு பெயின்ட் வெச்சது ப்ளஸ். பழைய பொட்டில எப்படி இருந்ததோ அப்படியே மாட்டணும். அத மட்டும் மறந்துடாதீங்க."

மறக்கவில்லை. பஸ் முழுக்க அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் பூஜைக்கு எல்லாம் தயாராக இருந்தது. பூஜைப் பலகையில் என் ஸ்பேனர்கள், ஸ்க்ரூ டிரைவர், கை ட்ரில், சால்டரிங் அயர்ன், என் மனைவியின் அரிவாள்மணை, கத்தரி, தையல் மெஷினின் சக்கரம். துடைத்துப் பளபளவென்று அடுக்கியிருந்தாள். கொண்டுவந்த ஊஃபரைப் பார்த்ததும் கையை நீட்டினாள்.

"குடுங்க, இதையும் வெச்சிடலாம்."

"வெச்சா நாளைக்குப் புனர்பூஜை பண்ணித்தானே எடுக்கணும்?"

"ஆமா."

"நாளைக்கு மத்தியானம் டீச்சர் வராங்க."

"சாமி அதுக்கு முன்னாடியே வருவாரு." கையை இறக்கவில்லை. "புதுசா வாங்கினு வந்ததப் பூஜையில வெக்காம மாட்டப் போறீங்களா? பலகையில கெடக்கற ஸ்க்ரூ டிரைவரத் தூக்கித்தானே மாட்டணும்? எடுங்க பாப்பம்."

என்னால் எடுக்க முடியவில்லை. வருஷம் முழுக்க நமக்கு உழைத்த ஆயுதத்துக்கு ஒரு நாள் ஓய்வு. அன்றைக்கு அதைத் தொடக் கூடாது. சின்ன வயதிலிருந்து அப்படியே இருந்துவிட்டேன். மகளுக்காக மீறலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. மகளுக்காகவே மீறக் கூடாது என்று அடுத்த நினைப்பு வந்தது. இரண்டாவதுதான் ஜெயித்தது.

"காகிதத்துல சந்தனம் வெக்காத, ஊறிடும்" என்று மட்டும் சொன்னேன். அதனால் ஊஃபரைக் கவிழ்த்து, காந்தம் மேலே இருக்கும்படி வைத்தோம். நான் விபூதியைக் குழைத்து, தகடுகள் இருக்கிற பக்கமாகப் பட்டை போட்டேன். அவள் காந்தத்தின் நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். தீபாராதனை காட்டி, குங்குமம் கரைத்த நீரைப் பூவால் தொட்டு எல்லாவற்றின் மேலும் தெளித்தாள்.

மகள் என் சட்டையை இழுத்தாள். ஊஃபரைக் காட்டினாள், பெட்டியில் இருந்த வெறும் ஓட்டையைக் காட்டினாள். ஏன் மாட்டவில்லை? நான் இரண்டு கைகளையும் கன்னத்தில் சேர்த்து, தூங்குகிறது என்று காட்டினேன். ஸ்பேனர் தூங்குகிறது, அரிவாள்மணை தூங்குகிறது, எல்லாம் தூங்குகின்றன. நாளைக்கு எழுந்திருக்கும். அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்த் தன் கோல்கள் இரண்டையும் கொண்டுவந்து, ஊஃபருக்குப் பக்கத்தில் படுக்க வைத்தாள்.

கோலும் பூஜையில் சேர்ந்துவிட்டது. இனி கையால் தட்டிப் பழகவும் வழியில்லை.

"பாத்தியா?" என்றேன் மனைவியிடம்.

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

மறுநாள் விடிந்ததும் புனர்பூஜை முடிந்தது. கற்பூரம் அணைவதற்குள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டேன். புதிய ஊஃபரின் துளைகளும் பெட்டியின் துளைகளும் பொருந்தவில்லை. புதிதாகத் துளை போட வேண்டும். கை ட்ரில்லால் தேக்கைத் துளைப்பது லேசில்லை. பழைய ஊஃபருக்கு அடியிலிருந்த ரப்பர் வளையம் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. காற்று கசிந்தால் அதிர்வு வராது. சைக்கிள் ட்யூபை வெட்டி வளையம் செய்தேன். வயரைப் பற்றவைக்கலாம் என்று அயர்னைச் சொருகியபோது கரண்ட் போனது.

என் மனைவி ஜன்னல் வழியாக எதிர் வீட்டைப் பார்த்தாள். அங்கேயும் இல்லை. கேஸ் அடுப்பைப் பற்றவைத்துத் தள்ளி நின்றாள். அயர்னின் முனையை நெருப்பில் காட்டிப் பழுக்க வைத்து, ஹாலுக்கு ஓடினேன். கதவைத் திறந்து வைத்தும் வெளிச்சம் போதவில்லை. விபூதிப் பட்டை காய்ந்து தகடுகளின் மேல் படிந்திருந்தது. சாமிக்கு வைத்ததைச் சுரண்ட மனம் வரவில்லை. ஒரு தகட்டின் பக்கத்தில் சின்னதாகச் சிவப்புப் புள்ளி தெரிந்தது. பாய் சொன்னது அதுதான் என்று சிவப்பு வயரை அதில் வைத்து ஈயத்தை ஓட்டினேன். அடுப்புக்கும் பெட்டிக்கும் ஓடி ஓடி இரண்டையும் பற்றவைத்தேன். சூடு ஆறுவதற்குள் அடுத்த ஓட்டம். ஸ்க்ரூக்களை முருகா முருகா என்று முடுக்கினேன்.

கரண்ட் வந்ததும் டீச்சர் வந்ததும் ஒன்றாக இருந்தது. ஒரு கையில் பச்சை லங்கா, இன்னொரு கையில் ஊசி டப்பா. போட்டுச் சோதிக்க நேரமில்லை.

"ரெடியா? எனக்கு அங்க எல்லாருக்கும் பின் குத்தணும்."

மகள் திவானில் ஏறி நடுவில், சுவரைப் பார்த்து நின்றாள். டீச்சரும் ஏறி அவளுக்குப் பக்கத்தில், அதே சுவரைப் பார்த்து நின்று, தன் கோலைப் பக்கவாட்டில் நீட்டினார். பார்க்காமலே தாளத்தில் அந்தக் கோலைத் தட்ட வேண்டும். கேசட்டைப் போட்டேன். டோலக் ஆரம்பித்தது.

மகள் கண்ணை மூடி, கோல்களைத் தூக்கி நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

டோலக் ஓடுகிறது. கோல் இறங்கவில்லை. பாடுகிறவர்கள் பாட ஆரம்பித்துவிட்டார்கள். இவள் ஆரம்பத்துக்காகக் காத்திருக்கிறாள். சத்தத்தைக் கூட்டினேன். என் காதுக்கே டோலக்கின் 'தும்' வரவில்லை, வெறும் 'டக் டக்' என்று காலி டப்பா மாதிரி கேட்டது. மகள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். ஏன் இன்னும் போடவில்லை என்று கேட்கிற பார்வை.

டீச்சர் மெதுவாக இறங்கினார். "விடுங்க சார். கொழந்தய நிக்கவெச்சு கஷ்டப்படுத்த வேணாம். முன்வரிசைல நானே சீட்டு போட்டுத் தரேன்."

"டீச்சர், கொஞ்சம் இருங்க" என்றாள் என் மனைவி.

மகள் இடது பெட்டியிடம் நடந்து போனாள். அங்கே நின்று காலைத் தட்டிக் காட்டினாள். இங்கே இருக்கிறது. வலது பெட்டியிடம் போனாள். இங்கேயும் இருக்கிறது. நடுவில் வந்து நின்று இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பினாள்.

"நல்லாதாங்க மாட்டினீங்க?" என்றாள் மனைவி.

"நல்லாதான் மாட்டினேன்."

புது ஊஃபர் வீக் என்று நினைத்து, அதன் வயரை ஆம்ப்ளிபையரிலிருந்து பிடுங்கினேன். பழைய பெட்டி மட்டும் ஓடியது. நடுவில் நின்ற மகள் உடனே தலையை ஆட்டினாள். வருகிறது. திரும்பச் சொருகினேன். இல்லை என்றாள். பிடுங்கினேன். வருகிறது. ஒன்று ஓடினால் இருக்கிறது, இரண்டு ஓடினால் இல்லை. ஊஃபர் வீக்காக இருந்தால் குறையலாம், ஆனால் அடுத்ததையும் சேர்த்து எப்படி விழுங்கும்?

தலைமாட்டில் ஒருவன், கால்மாட்டில் ஒருவன் நின்று திவானை ஆட்டுகிறார்கள் என்று வைத்துக்கொண்டு பார்த்தேன். இவன் தள்ளும்போது அவன் இழுத்தால் நடுவில் இருப்பவனுக்கு என்ன தெரியும்? ஒன்றுமே தெரியாது; புது ஊஃபர் பழையதற்கு எதிராகத் தள்ளுகிறது. கம்பெனியில் மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் நாங்கள் யோசிக்கவே மாட்டோம். இரண்டு வயரை மாற்றிப் போடுவோம்.

"ரெண்டே நிமிஷம் டீச்சர்."

"நிமிஷம் எல்லாம் என்கிட்ட இல்ல சார்" என்றார். ஆனால் ஊசி டப்பாவைக் கீழே வைத்தார்.

பெட்டியைத் திறக்கவில்லை. பின்பக்கம் வருகிற வயரில், சிவப்பு இருந்த இடத்தில் கறுப்பு, கறுப்பு இருந்த இடத்தில் சிவப்பு. அவசரத்தில் இரண்டு தடவை நழுவியது. கேசட்டைப் பின்னால் சுற்றி மறுபடி போட்டேன்.

'தும்' என்று டோலக் இறங்கியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நான் மகளின் கையைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தேன். கால்விரல்கள் பலகையைப் பற்றிக்கொள்வது போல மடங்கின.

டீச்சர் பாய்ந்து ஏறி நின்று கோலை நீட்டினார். மகள் பக்கவாட்டில் ஓங்கி அடித்தாள். அடி கோலில் விழவில்லை, டீச்சரின் மணிக்கட்டில் விழுந்தது. கண்ணாடி வளையல் நொறுங்கிப் பலகையில் சிதறியது. நல்ல நாளும் அதுவுமாக ஒரு சுமங்கலியின் வளையல். என் மனைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சாமி படத்தைப் பார்த்தாள்.

"பளெ போனாப் போகுது, நிறுத்தாதீங்க" என்று டீச்சர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார். ஒரு துளி ரத்தம் அவர் கையில் தெரிந்தது. கோலை அவர் இறக்கவில்லை.

அடுத்த அடி கோலில் விழுந்தது. அதற்கடுத்ததும். மகள் கண்ணை இறுக மூடியிருந்தாள், உதடு அசைந்தது. திரும்புகிற இடம் வந்தது, திரும்பினாள். திரும்பி அடித்ததும் கோலிலேயே விழுந்தது. பாட்டு முடியும்வரை அந்த 'டக்' ஒன்றுகூடத் தவறவில்லை. பாட்டு நின்றது, அதிர்வு நின்றதும் அவளும் நின்றாள்.

டீச்சர் இறங்கி, வளையல் துண்டுகளைக் காலால் ஒதுக்கிவிட்டு, லங்காவை மகளின் இடுப்பில் வைத்துப் பார்த்தார்.

"அய்ய, இவளுக்கு இடுப்பே இல்லியே. நாடா இருக்கா பாருங்கம்மா." பிறகு என்னிடம் திரும்பினார். "மேடையும் பலகைதான் சார். உங்க பொட்டிய ரெண்டையும் தூக்கினு வாங்க. அந்த மைக் செட்டுக்காரன் ஏதாவது சொன்னா நான் பேசிக்கறேன்."

என் மனைவி நாடா எடுக்க உள்ளே போனாள். போனவள் முதலில் தன் கண்ணாடி வளையல்களைக் கழற்றிக் கொண்டுவந்து, குங்குமத்தோடு டீச்சரின் கையில் போட்டுவிட்டாள். டீச்சரும் மறுக்காமல் கையைக் கொடுத்தார்.

காய்கறிக்காரரின் தள்ளுவண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனேன். மைக் செட்டுக்காரர் சிரித்தார். "என்னண்ணா, மியூசியத்திலேர்ந்து கொண்டாந்தீங்களா?" மேடையின் இரண்டு ஓரத்திலும் பலகையை ஒட்டி வைத்தேன். வயரை மாட்டும்போது அவர் குறுக்கே வந்து, "சிவப்பு சிவப்புல போடணும்ணா, மாத்திப் போட்டிருக்கீங்க" என்றார். அவர் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். என் வாழ்க்கையில் அப்படி யார் கையையும் தள்ளியதில்லை.

பிள்ளைகள் மேடை ஏறினார்கள். திரும்பி வெளியே பார்க்கிற இடம் வந்தது. எல்லாக் கோல்களும் சேர்ந்து ஒரே சத்தமாகக் கேட்டது. அந்தச் சத்தத்தில் என் மகளுடையது எது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. என் மனைவி பக்கத்தில் நின்று வாய்க்குள் ஏதோ ஜபித்துக்கொண்டிருந்தாள்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். விபூதிப் பட்டை ஒரு இடத்தில் பெயர்ந்திருந்தது. அதற்கு அடியில் பாய் சொன்ன பெயின்ட் அடையாளம் இருந்தது. சிவப்பு வயர் பற்றவைத்திருந்தது அடுத்த தகட்டில். அங்கே இருந்த புள்ளி, பூவால் தெளித்தபோது விழுந்து காய்ந்த குங்குமம்.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நீ தெளிச்சதுதான் என்ன ஏமாத்தியிருக்கு."

அவள் குனிந்து பார்த்தாள். "நீங்க போட்ட பட்டைதானே அசலை மறைச்சிருக்கு. என்ன ஏன் சொல்றீங்க?"

இரண்டையும் துடைத்து, வயரைச் சரியாகப் பற்றவைத்திருக்கலாம். துடைக்கவில்லை. ஸ்க்ரூவை முடுக்கி மூடிவிட்டேன். இன்றைக்கும் எங்கள் வீட்டில் அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் சிவப்பில் கறுப்புத்தான். ஒட்டடை அடிக்கும்போது யாராவது வயரைக் கழற்றிவிட்டால், மகள்தான் நடுவில் ஏறி நின்று சரியா என்று சொல்வாள்.